ஐந்து சென்டிமீட்டர் இறங்கிய டின்

ஸ்குவாஷ் கோர்ட்டின் முன்சுவரில் தரையை ஒட்டி ஒரு பட்டை இருக்கும். அதற்குப் பெயர் டின். பந்து அதில் பட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கும், புள்ளி எதிராளிக்குப் போய்விடும். தொழில்முறைப் பெண்கள் ஆட்டத்தில் இதன் உயரம் 48 சென்டிமீட்டராக இருந்தது. ஆண்களுக்கு 43. பெண்கள் சங்கம் தொழில்முறை ஸ்குவாஷ் சங்கமான பி.எஸ்.ஏ.வோடு இணைந்த 2015-இல், செப்டம்பர் முதல் இருவருக்கும் 43 ஆனது.

ஐந்து சென்டிமீட்டரில் அப்படி என்ன வந்துவிடும்? சுவரில் 50 சென்டிமீட்டர் உயரத்தில் பட்டு நேராகத் திரும்பும் பந்து தரையைத் தொட சுமார் 0.32 வினாடி ஆகும். 45-இல் பட்டால் 0.30. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் அடிப்பவர் பக்கம் நின்று பாருங்கள். 50 சென்டிமீட்டர் உயரத்தில் டிராப் ஷாட் (பந்து முன்சுவருக்கு அருகிலேயே விழும்படி மெல்லத் தட்டும் அடி) அடிக்கும்போது பழைய டின்னுக்கு மேல் அவருக்கு இருந்த இடைவெளி வெறும் 2 சென்டிமீட்டர். புதிய டின்னில் அது 7. ஓடி மூச்சு வாங்கும் வேளையில் 2 சென்டிமீட்டரை நம்பி யார் துணிவார்கள்? பந்தைப் பின்மூலைக்கு அனுப்பிவிட்டு, எதிராளி தவறு செய்யட்டும் என்று காத்திருப்பதே புத்திசாலித்தனமாக இருந்தது.

இருவரும் மாறி மாறி அடித்துக்கொண்டே போகும் நீண்ட ராலிக்குப் பந்தும் துணை போகிறது. 24 கிராம் எடையுள்ள அந்த ரப்பர் பந்து குளிர்ந்திருந்தால் எழும்பவே எழும்பாது. ஒவ்வொரு அடியிலும் ரப்பர் நசுங்கி விரியும்போது ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகிறது. உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் கூடுகிறது, பந்து துள்ளுகிறது. துள்ளும் பந்தை ஓடி எடுப்பது எளிது. டின் தாழ்ந்து, டிராப் கூடி, ராலிகள் சுருங்கினால் பந்து அவ்வளவு சூடாகாது. டிராப் அடிப்பவருக்கு அது கூடுதல் லாபம்.

அப்புறம், கால்கள். தரைக்கோடுகள் ஆங்கில T வடிவில் சந்திக்கும், நடுவில் உள்ள 'டி' முன்சுவரிலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர். டிராப் வரும் என்ற பயம் இருந்தால் அங்கிருந்து ஓரடி முன்னே நிற்க வேண்டும். நின்றால் பின்மூலை திறந்துவிடும். முன்னே பாய்ந்து குனிவதும் உடனே பின்வாங்குவதும் கூடுவதால் தொடைக்கும் முழங்காலுக்கும் சுமை ஏறுகிறது. உடற்பயிற்சித் திட்டமும் அதற்கேற்ப மாறத்தான் வேண்டும்.

மலேசியாவின் நிக்கோல் டேவிட் 2006 முதல் 2015 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தவர். டின் இறங்கிய அதே செப்டம்பரில் எகிப்தின் ரனீம் எல் வெலிலி அந்த இடத்தைப் பிடித்தார். இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் தரவரிசை என்பது அதற்கு முந்தைய மாதங்களின் முடிவுகளைக் கூட்டிக் கணக்கிடுவது. பழைய டின்னில் ஆடியபோதே எகிப்தியர் அவரை நெருங்கிவிட்டார் என்பதே சரி.

என் கவனம் போவது நம் சென்னையின் ஜோஷ்னா சின்னப்பா போன்றவர்களிடம். 1986-இல் பிறந்தவர். உயர்ந்த டின்னுக்குப் பழகிய கையோடு சர்வதேச ஆட்டங்களை ஆடி, பின்பு அதே கையைத் தாழ்ந்த டின்னுக்குத் திருப்பியவர். 2016-இல் உலகின் பத்தாம் இடத்தைத் தொட்டார். சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான முறை அடித்துப் பதிந்த இலக்கை முப்பதை நெருங்கும்போது ஐந்து சென்டிமீட்டர் இறக்குவது என்றால், ராக்கெட் முகத்தின் சாய்வு, பந்தைத் தொடும் நேரம், மணிக்கட்டின் இறுக்கம் எல்லாவற்றையும் மீண்டும் அடித்து அடித்தே பழக்க வேண்டும்.