காற்றாலையில் பங்கு வாங்கும் மில்கள் பார்க்க வேண்டிய 26, 51 கணக்கு

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பி உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நெடுங்காலமாக ஓடுகின்றன. சொந்தமாக ஒன்றை நிறுவ முதல் இல்லாத நூற்பாலையும் பின்னலாடை நிறுவனமும், வேறொருவர் அமைக்கும் காற்றாலையில் பங்கு எடுத்து, அதன் மின்சாரத்தைச் சொந்த உற்பத்தியாகவே கணக்கில் கொள்ள 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 9ஆவது பிரிவு இடம் தருகிறது. மின்வாரியத்தை விட்டு வெளியாரிடம் மின்சாரம் வாங்குவோர் மீது, மற்றவர்களுக்கான மானியத்தை ஈடுகட்ட விதிக்கப்படும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம், அப்படிக் கொள்ளப்படும் மின்சாரத்துக்குக் கிடையாது. இந்த ஏற்பாட்டின் இலாபத்தில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது.

நிபந்தனைகளை 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின் 3ஆவது விதி சொல்கிறது. மின்சாரம் எடுப்போர் கையில், வாக்குரிமையுள்ள பங்கு மூலதனத்தில் 26 விழுக்காடாவது இருக்க வேண்டும். திட்டச் செலவு 100 ரூபாய் என்றால் 70 ரூபாய் கடனாகவும் 30 ரூபாய் பங்கு முதலாகவும் வருவது வழக்கம் என்பதால், அந்த 26 விழுக்காட்டுக்கு மில்கள் எல்லாம் சேர்ந்து போடுவது 7 ரூபாய் 80 காசுதான். தரகர்கள் இதை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சுமை அடுத்த நிபந்தனையில் இருக்கிறது. ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் 51 விழுக்காட்டையாவது பங்குதாரர்கள் பயன்படுத்த வேண்டும். அதுவும் அவரவர் பங்குக்கேற்ப, 10 விழுக்காடு கூடக்குறைய. தனி நிறுவனமாக அமைக்கப்பட்ட திட்டங்களுக்கும் இந்த விகிதாச்சாரம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆண்டு உற்பத்தி 40 லட்சம் யூனிட் என்று வைத்துக்கொண்டால் 51 விழுக்காடு 20.4 லட்சம். அந்த 26 விழுக்காட்டில் சரிபாதி வைத்திருக்கும் மில்லின் பங்கு 10.2 லட்சம்; அது 9.18 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. நூல் விற்காமல் ஆலையை நிறுத்திவைக்கும் மாதங்கள் இங்கே புதிதல்ல, ஆனால் அதற்கென்று விதியில் தளர்வு எதுவும் எழுதப்படவில்லை.

ஆண்டு முடிவில் குறைந்தபட்ச விழுக்காடு எட்டப்படாவிட்டால், குறைந்த அளவுக்கு மட்டுமல்ல, அவ்வாண்டின் மொத்த மின்சாரமும் வெளியாரிடம் வாங்கியதாகவே கருதப்பட்டு, கூடுதல் கட்டணம் முழுவதற்கும் விழும். பக்கத்து மில் எடுக்கத் தவறியதன் சுமையும் நம் தலையில் வரலாம் என்பதால், அந்தத் தொகையை யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். வருமான வரியில் காற்றாலைக்குக் கிடைக்கும் 40 விழுக்காட்டுத் தேய்மானம் காற்றாலையை உடைமையாக வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்கில்தான் கழியும். பங்கு மட்டும் வாங்கிய மில்லுக்கு அது வராது.