கான்ஃபிக்தானே, மாற்றிவிடலாம்!

ஒரு சனிக்கிழமை இரவு. பாதுகாப்பு பேட்ச் போட்டுவிட்டு ஆறு சர்வர்களையும் ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தோம். ஐந்து ஒழுங்காக எழுந்துவிட்டன. ஆறாவதில் மட்டும் பில்லிங் சேவை டேட்டாபேஸோடு பேச மறுத்தது. அப்போதுதான் பேட்ச் போட்டிருந்ததால் பழி அதன் தலையில் விழுந்தது. கழற்றிப் பார்த்தோம், சரியாகவில்லை. ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டு நெட்வொர்க் ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பினோம். அவர் பங்குக்கு அவரும் இரண்டு மணி நேரம் தேடினார். விடியப்போகும் நேரத்தில் யாரோ கான்ஃபிக் ஃபைலின் (சேவை எந்த முகவரியோடு பேச வேண்டும், எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்புகளை எழுதிவைக்கும் ஃபைல்) தேதியைப் பார்த்தார்கள். நான்கு மாதத்துக்கு முன்பு திருத்தப்பட்டிருந்தது.

டேட்டாபேஸைப் புது முகவரிக்கு மாற்றும் திட்டம் ஒன்று இருந்தது. ஒருவர் முன்னேற்பாடாக அந்த ஒரு சர்வரில் மட்டும் புது முகவரியை எழுதி வைத்தார். அப்புறம் திட்டமே கைவிடப்பட்டது. ஃபைலைப் பழையபடி மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சேவையோ பழைய முகவரியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் நிம்மதியாக ஓடியிருக்கிறது. ரீஸ்டார்ட் ஆனபோதுதான் ஃபைலைத் திறந்து படித்தது.

அன்றிலிருந்து, ஒரு சர்வரின் கான்ஃபிக் என்ன என்று யாராவது கேட்டால், எந்தக் கான்ஃபிக் என்று திருப்பிக் கேட்கிறேன். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் ரெப்போவில் இருப்பது ஒன்று, சர்வரின் டிஸ்க்கில் இருப்பது ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் சேவையின் நினைவகத்தில் இருப்பது ஒன்று. மூன்றும் ஒன்றுதான் என்று நம்பித்தான் எல்லோரும் வேலை செய்கிறோம். ஒரே ஒரு சர்வர் என்றால் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கும். நாற்பது சர்வர், இருபது சேவை, மூன்று என்விரான்மென்ட் (சோதனைக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என்பதுபோல்) என்று ஆகும்போது எங்காவது ஒரு மூலையில் பிசகியிருக்கும். எங்கள் வட்டாரத்தில் இதற்கு டிரிஃப்ட் என்று பெயர்.

டிரிஃப்டுக்குப் பெரிய விலை கொடுத்தது நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். நியூயார்க் பங்குச் சந்தையின் ஒரு புதுத் திட்டத்துக்காக எழுதிய புரோகிராம் கோடை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது. புதுக் கோடை இயக்குவதற்குப் பழைய ஃபிளாக் (ஒரு வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) ஒன்றையே மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஃபிளாக் முன்பு இயக்கியது ‘பவர் பெக்’ என்ற வசதியை. 2003-லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் கோடை நீக்கவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்தது. எட்டாவது சர்வரில், செத்துப்போனதாக எல்லோரும் நினைத்திருந்த கோட் எழுந்து உட்கார்ந்து ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. 45 நிமிடத்தில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறப்பதற்கு முன்பே, பவர் பெக் பெயரைச் சொல்லும் பிழைச் செய்தியோடு 97 மின்னஞ்சல்கள் உள்ளுக்குள் போயிருந்தன. அவற்றை யாரும் அலாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. (உங்கள் இன்பாக்ஸிலும் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கும். என்னிடம் இருக்கிறது.)

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எட்டாவது சர்வரோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு உறைத்தது நடுவில் நடந்த இன்னொரு காரியம். பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதுக் கோடை நீக்கினார்கள். ரோல்பேக், அதாவது பழைய பதிப்புக்கே திரும்புவது. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஃபிளாக் ஆனில் இருந்தது. அதனால் அந்த ஏழிலும் பவர் பெக் எழுந்துகொண்டது. கோடும் கான்ஃபிக்கும் தனித்தனி வண்டியில் பயணம் செய்யும் இடத்தில் ஒன்றை மட்டும் பின்னால் இழுத்தால், யாரும் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்திராத ஒரு ஜோடி சேர்ந்துவிடும். ரோல்பேக் திட்டம் எழுதும்போது “கோட் எந்தப் பதிப்பு, அதோடு போகும் கான்ஃபிக் எந்தப் பதிப்பு” என்று இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்லி நான் அடம்பிடிப்பது இதனால்தான். பழைய ஃபிளாக் பெயரை வேறு வேலைக்கு எடுக்கவும் விடமாட்டேன். புதுப் பெயர் வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

கோடுக்கு நாம் காட்டும் மரியாதையில் பாதியைக்கூடக் கான்ஃபிக்குக்குக் காட்டுவதில்லை. கோட் என்றால் ரிவ்யூ, டெஸ்ட், முதலில் சில சர்வர்களில் மட்டும் வெளியீடு என்று ஒரு சடங்கே உண்டு. கான்ஃபிக்கா, “ஒரு எண்தானே, மாற்றிவிடலாம்” என்பார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் விஷயத்தில் உலகமே பார்த்தது இதைத்தான். மென்பொருளின் புதுப் பதிப்புகளைப் படிப்படியாக வெளியிடும் வழக்கம் அங்கே இருந்தது. அன்று போனது புதுப் பதிப்பு இல்லை, ஒரு சிறிய கான்ஃபிக் ஃபைல். அந்த வகை ஃபைல்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும். 20 உள்ளீடுகள் இருந்த இடத்தில் 21-ஆவதைப் படிக்கப் போய் விண்டோஸ் விழுந்தது. தவறான ஃபைலை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விழுந்தவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

சரி, தவறான மதிப்பு மட்டும்தான் ஆபத்தா? தனித்தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும் எண்கள் சேர்ந்து கழுத்தை நெரிப்பதும் உண்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை மாற்றாமல் விட்டால் அது ஏற்கும் இணைப்புகள் 100. அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கீடு, மிச்சம் 97. டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து தயாராக வைத்திருக்கும், ஜாவா சேவைகளில் பரவலாக இருக்கும் ஹிகாரி பூல், மாற்றாமல் விட்டால் ஓடும் ஒவ்வொரு சேவைப் பிரதிக்கும் 10 இணைப்பு எடுத்துக்கொள்ளும். பிரதிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் 8 பிரதிகள் ஓடினால் 80, வசதியாக இருக்கிறது. இப்போது புதுப் பதிப்பை டெப்ளாய் செய்யுங்கள், அதாவது ஏற்றி ஓடவிடுங்கள். பழசும் புதுசும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓட, குபர்னெட்டிஸ் 25 சதவீதம் கூடுதல் பிரதிகளை அனுமதிக்கும். 8 என்பது 10 ஆகும், இணைப்பு 100 ஆகும், 97-ஐத் தாண்டிவிடும். டெப்ளாய் செய்யும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் பிழை வரும், அப்புறம் தானாக மறைந்துவிடும். எல்லோரும் புதுக் கோடைத் திட்டுவார்கள். மூன்று மென்பொருள்களின் இயல்பு மதிப்புகளும் நியாயமானவையே. அவற்றைப் பெருக்கிப் பார்க்கும் வேலை மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை.

ரீட்ரையும் (தோற்றால் மறுபடி முயல்வது) இப்படித்தான். மூன்று அடுக்குச் சேவைகள், ஒவ்வொன்றும் தோற்றால் மொத்தம் மூன்று முறை முயலும் என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் இருக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு வாடிக்கையாளரின் ஒரு கிளிக் 27 கோரிக்கையாகப் போய்ச் சேரும், அதுவும் அது ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில். வெளிச் சேவையின் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) 5 நொடி, உள்ளே இருப்பதன் டைம்அவுட் 30 நொடி என்றால், கேட்டவர் கிளம்பிப் போன பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். அலகுப் பிழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘டைம்அவுட்: 30’ என்று இருந்தால் அது நொடியா, மில்லிநொடியா? அலகைப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். கான்ஃபிக் எழுதப் பயன்படும் யாமல் வகை ஃபைலில் பதிப்பு எண் 1.10 மேற்கோள் குறி இல்லாமல் போனால் 1.1 ஆகிவிடும், அதையும் கவனியுங்கள்.

இதற்கெல்லாம் கான்ஃபிக்கை ஒரே மைய இடத்தில் வைத்தால் தீர்ந்தது என்பார்கள். பாதி உண்மை. டிரிஃப்ட் குறையும். ஆனால் தவறான மதிப்பும் அதே வேகத்தில் எல்லா இடத்துக்கும் போய்விடும். அந்த மையமே விழுந்திருக்கும்போது உங்கள் சேவை எழுமா என்பதும் கேள்வி. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில், ஒரு வழக்கமான பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களின் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. அத்தகைய கட்டளையைத் தடுக்கவேண்டிய தணிக்கைக் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. சரிசெய்யப் பயன்படும் உள்ளகக் கருவிகளும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அவையும் போயின. ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியது. மையத்திலிருந்து கடைசியாக வந்த சரியான கான்ஃபிக்கின் நகலை ஒவ்வொரு சர்வரும் தன்னிடமே வைத்திருக்கும்படி எங்கள் இடத்தில் செய்திருக்கிறோம். மையம் பதில் சொல்லாவிட்டால் அந்த நகலோடு எழும்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இன்னும் இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒன்று, ஒவ்வொரு சேவையும் தான் இப்போது உண்மையில் எந்தக் கான்ஃபிக்கோடு ஓடுகிறது என்பதன் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற ஒரு சிறு குறியீடு) வெளியே காட்டும், கடவுச்சொற்கள் நீங்கலாக. ஆறு சர்வர்களில் ஒன்று மட்டும் வேறு ஹாஷ் காட்டினால் டாஷ்போர்டில் சிவப்பு விழும். இரண்டாவதற்கு மேலாளரிடம் நிறைய வாதாட வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை, எந்தக் காரணமும் இல்லாமல், பகல் வேளையில், ஒவ்வொரு சர்வராக ரீஸ்டார்ட் செய்கிறோம். ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்றார் அவர். போன மாதம் மூன்றாவது சர்வர் எழவில்லை. காலை பதினொரு மணி. எல்லோரும் இருக்கையில் இருந்தோம். கையால் செய்த ஒரு திருத்தம் என்று இருபது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நெட்வொர்க் ஆளைக் கூப்பிடவே இல்லை.