ஸ்டால்: முடக்கமா, இழுத்தடிப்பா?

ஸ்டால்: (யூ-கி-ஓ, போக்கிமான், மேஜிக் போல, சேகரித்த சீட்டுகளைக் கட்டாக அடுக்கி ஆடும் சேகரிப்புச் சீட்டாட்டங்களில்) எதிராளியின் தாக்குதலை முடக்கிவிட்டு, அவருடைய சீட்டுக்கட்டு தீரும்வரை தாக்குப்பிடிக்கும் உத்தி. அதற்கென்றே அடுக்கிய கட்டு 'ஸ்டால் டெக்'.

என்ஜின் நின்றுபோவதைச் சொல்லும் ஆங்கில 'ஸ்டால்' தொழுவம், நிற்குமிடம் என்ற பொருளில் பிறந்தது. சீட்டாட்ட 'ஸ்டால்' வேறு. 16ஆம் நூற்றாண்டுத் திருடர் வழக்கில், ஜேப்படிக்காரன் கைவைக்கும் நேரத்தில் ஆளின் கவனத்தைத் திருப்பும் கூட்டாளிக்கு இந்தப் பெயர். சாக்குச் சொல்லி நாள் கடத்துவது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

யூ-கி-ஓவில் 'கிராவிட்டி பைண்ட்' என்ற சீட்டு களத்தில் இருக்கும்வரை 4ஆம் நிலையும் அதற்கு மேலும் உள்ள அரக்கர்கள் தாக்க முடியாது. 'மெசஞ்சர் ஆஃப் பீஸ்' என்ற சீட்டு 1500க்குக் குறையாத தாக்குவலிமை கொண்டவற்றைத் தடுக்கும். ஆனால் அதை வைத்திருப்பவர் தன் முறைதோறும் 100 உயிர்ப்புள்ளி கட்டவேண்டும். போக்கிமானில் 2022இல் வந்த ஒரு ஸ்னோர்லாக்ஸ் சீட்டு, எதிராளியின் முன்கள போக்கிமானைப் பின்வாங்கவே விடாது. தாக்கத் தெரியாத ஒன்றை முன்னே இழுத்துப் போட்டுவிட்டால் போதும், எதிராளி முறைக்கொரு சீட்டு எடுத்தே 60 சீட்டுக் கட்டைக் காலிசெய்வார். எடுக்கச் சீட்டில்லாதவர் தோற்றவர். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சல்தான், ஆனால் விதிமீறல் ஏதுமில்லை. முன்களத்தில் நிற்பதை மாற்றும் சீட்டுகளையும் தடைநீக்கும் சீட்டுகளையும் சேர்க்காமல் வந்தது கட்டு அடுக்கியவரின் பிழை.

குற்றம் கடிகாரத்தில்தான் தொடங்குகிறது. மேஜிக் போட்டிகளில் மூன்றில் இரண்டு வெல்லும் சுற்றுக்கு வழக்கமாக 50 நிமிடம், பிறகு 5 கூடுதல் முறை. முதல் ஆட்டத்தை 35 நிமிடத்தில் ஜெயித்தவர், இரண்டாவதை முடியவிடாமல் நீட்டினாலே 1-0 எனச் சுற்றை எடுத்துக்கொள்வார். தேவையில்லாமல் கட்டைத் தேடுவது, முடிவான நகர்வுக்கு யோசிப்பதுபோல் பாவனை செய்வது, திரும்பத் திரும்பக் கலைப்பது எல்லாம் இதற்கான வழிகள். தெரியாமல் மெதுவாக ஆடினால் எச்சரிக்கை. வேண்டுமென்றே செய்தால் போட்டியிலிருந்தே நீக்கம்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நேர்மையாக ஆடுபவருக்கும் கெட்ட பெயர். தமிழில் பிரித்துவிடலாம்: உத்திக்கு முடக்கம் (முடக்குக்கட்டு), குற்றத்துக்கு இழுத்தடிப்பு. சிலர் எழுதும் 'தேக்கம்' பொருந்தாது. தேக்கம் தானாக நிகழ்வது, இதை ஒருவர் திட்டமிட்டுச் செய்கிறார்.

முடக்குக்கட்டு ஆடுபவர் மற்றவர்களைவிட வேகமாக ஆடவேண்டும். நீளும் ஆட்டத்துக்கு நேரம் தின்னும் பழக்கம் ஆகாது. எதிராளி செய்யக்கூடியது: வெல்ல வழியில்லை என்று தெரிந்ததும் முதல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, மிச்ச நிமிடங்களை அடுத்த இரண்டுக்கு வைத்துக்கொள்வது. இழுத்தடிப்பு எனச் சந்தேகம் வந்தால் உடனே கையுயர்த்தி நடுவரைக் கூப்பிடவேண்டும். சுற்று முடிந்தபின் சொன்னால், தான் பார்க்காத வேகத்தை அவரால் அளக்க முடியாது.