‘அட்டாக்கர்’ பிள்ளைக்கு ‘ஸ்பீடு’ ரப்பர் வாங்கும் முன்

ஆறாம் வகுப்புப் பிள்ளை. கையில் டேபிள் டென்னிஸ் மட்டை: கார்பன் இழை சேர்த்த பிளேடு (ரப்பர் ஒட்டும் மரப்பலகை), இரண்டு பக்கமும் டெனர்ஜி 05 என்கிற விலை உயர்ந்த ரப்பர், அதன் மேல்தாளுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் 2.1 மில்லிமீட்டர். நாகர்கோவிலில் ரப்பர் ஒட்டுவதற்கு என்னிடம் வரும் மட்டைகளில் இப்படி எப்போதாவது ஒன்று வந்தால் போகட்டும் என்று விடலாம். இந்த லீவில் அடுத்தடுத்து இதே கோலம்தான். கூட வருகிற அப்பாக்களின் பேச்சும் ஒரே மாதிரிதான்: “சார், பையன் அட்டாக்கிங் பிளேயர். இன்னும் கொஞ்சம் ஸ்பீடு கூடினதா போட்டுக் குடுங்க.”

மட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். நன்றாக அடிக்கிற ஆளின் ரப்பரில், நடுவுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரே இடத்தில் பளபளப்பு மங்கியிருக்கும். இந்தப் பிள்ளைகளின் ரப்பரில் பந்துத் தடம் நுனியிலும் ஓரத்திலும் கைப்பிடிக்குப் பக்கத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது. டேபிளில் இடித்து ஓரம் வேறு பிய்ந்திருக்கும். பந்தை நடுவில் வாங்கவே இன்னும் படியவில்லை. அதற்குள் ஸ்பீடு போதவில்லையாம்!

அட்டாக் என்றால் வேகம், வேகம் என்றால் ரப்பர் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. டேபிளின் நீளம் 274 சென்டிமீட்டர், நெட்டின் உயரம் 15.25. பந்தின் எடை 2.7 கிராம். இதை ஓங்கி நேராக அடித்தால் ஒன்று நெட்டில் விழும், அல்லது டேபிளைத் தாண்டி ஓடும். ஓங்கி அடித்த பந்து நெட்டுக்கு மேலே ஏறி, பிறகு வளைந்து டேபிளுக்குள் இறங்க வேண்டுமென்றால் அதில் டாப்ஸ்பின், அதாவது முன்பக்கச் சுழற்சி, இருக்க வேண்டும். இன்றைய அட்டாக் என்பதே டாப்ஸ்பின்தான். ரப்பர் செய்ய வேண்டிய முதல் வேலை பந்தைப் பிடித்துச் சுழற்றுவது. தள்ளி விடுவது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பிடி இரண்டு இடத்திலிருந்து வருகிறது. மெதுவாகத் தேய்த்தால் மேல்தாள் மட்டும் பிடிக்கும். அழுத்தி இழுத்தால் பந்து ஸ்பாஞ்சுக்குள் ஒரு பொழுது புதைந்து, அங்கிருந்து சுழன்று கிளம்பும். கெட்டியான ஸ்பாஞ்சைப் புதைய வைக்கக் கை வீச்சு வேகமாக இருக்க வேண்டும். அதற்கு இடுப்பு திரும்ப வேண்டும், முன்கை கடைசி நொடியில் சுருள வேண்டும். பதினோரு வயதுக் கைக்கு அந்த வீச்சு இன்னும் வரவில்லை. அப்போது பந்து ஸ்பாஞ்சுக்குள் போகாமல் மேல்தாளில் பட்டதுமே எகிறிவிடும். சுழற்சி பாதி, வேகம் மட்டும் முழுசு. டேபிளுக்கு வெளியே விழுகிற பந்துகளின் கணக்கு இதுதான்.

இன்னொரு பக்கத்தையும் யாரும் யோசிப்பதில்லை. நன்றாகப் பிடிக்கிற ரப்பர் எதிராளி போட்ட சுழற்சியையும் அதே அளவுக்குப் பிடிக்கும். சர்வில் கொஞ்சம் சைடு ஸ்பின் இருந்தால் போதும், மட்டையின் கோணம் இம்மி பிசகினாலும் பந்து டேபிளுக்குப் பக்கவாட்டில் பறக்கும். கட் போட்டு (பின்பக்கமாகச் சுழல விட்டு) வந்த பந்தைப் புஷ் செய்யப் போனால், அதாவது மெல்லத் தள்ளி விடப் போனால், டெனர்ஜி மாதிரி துள்ளல் கூடிய ‘டென்ஷன்’ ரப்பர் உண்டிவில் மாதிரி தூக்கிவிடும். எதிராளி காத்திருப்பதே அந்தத் தூக்கின பந்துக்குத்தான். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் பாதிப் பாயின்ட் சர்வ் வாங்குவதிலேயே போய்விடுகிறது. அந்தப் பாயின்ட்டுகளை ஸ்பீடு ரப்பர் காப்பாற்றாது, வாரிக் கொடுக்கும்.

எரிச்சல் வருவது அடுத்த கட்டத்தில்தான். பந்து வெளியே போகப் போக பிள்ளை பயந்து வீச்சைச் சுருக்கும். மட்டையைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்ட ஆரம்பிக்கும். ஆறு மாதத்தில் கை அதற்கே பழகிவிடும். அட்டாக்கர் ஆக்குவதற்கென்று ஒரு பக்கத்துக்கே 5,000 ரூபாய்க்கு மேல் கொட்டி வாங்கிய ரப்பர், பிள்ளையை வருகிற பந்தைத் தடுத்து மட்டும் ஆடுகிற ஒரு பிளாக்கராக்கி விட்டிருக்கும். பிறகு பயிற்சியாளர் தலைகீழாக நின்றாலும் அந்தச் சுருங்கின வீச்சை விரிக்க ஒரு வருஷம் ஆகும்.

அட்டையில் அச்சடித்திருக்கும் ஸ்பீடு எண்ணைப் பார்த்து வாங்குவதையும் தயவுசெய்து விடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் அளவுகோலில் எழுதுகிறது. ஸ்பாஞ்ச் கெட்டியும் அப்படியே. டெனர்ஜி செய்கிற பட்டர்ஃப்ளை கம்பெனி அதற்கு 36 என்று போடுகிறது. ஜெர்மன் ரப்பர்களில் 47 என்று இருக்கும். இரண்டும் கையில் தோராயமாக ஒரே கெட்டிதான். ஹரிக்கேன் 3 என்கிற சீன ரப்பரில் 39, 40 என்பது சீன அளவு, அது இந்த இரண்டையும் விடக் கெட்டி. “40தானே சார், 47ஐ விட சாஃப்ட்” என்று சொல்லி ஹரிக்கேன் வாங்கி வருகிறவர்களை என்ன செய்ய! ஒட்டும் தன்மையுள்ள அந்த மேல்தாள் நல்ல சரக்குதான், மறுப்பில்லை. ஆனால் கால் முதல் தோள் வரை சேர்த்து வீசுகிறவருக்குத்தான் அது பேசும். மற்றவர் கையில் பலகை.

சரி, எதைப் போடுவது? ஐந்து அடுக்கு முழு மரப் பிளேடு, கார்பன் வேண்டாம். ரப்பர் யசாகா மார்க் ஃபைவ், பட்டர்ஃப்ளை ஸ்ரைவர் வகை. மார்க் ஃபைவ் 1969இலிருந்து இருக்கிறது, ‘பழைய சரக்கு’ என்று முகம் சுளிக்க வேண்டாம். ஸ்பாஞ்ச் 1.8 அல்லது 2.0 மில்லிமீட்டர். அதற்குக் கீழே 1.5க்குப் போனால், பலமாக அடிக்கும்போது ஸ்பாஞ்ச் முழுக்க அமுங்கி மரமே கையில் இடிக்கும், டாப்ஸ்பின் கற்க அதுவும் உதவாது. டேபிளின் ஒரு மூலைக்கு ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் தொடர்ந்து இருபது முப்பது விழ ஆரம்பித்த பிறகு, ஃபோர்ஹேண்டில் மட்டும் ஒரு மிதமான டென்ஷன் ரப்பருக்கு மாறலாம். பேக்ஹேண்டில் வீச்சு சின்னது, அங்கே எப்போதும் ஒரு படி மென்மையான ஸ்பாஞ்ச்தான் சரி. பிளேடையும் இரண்டு ரப்பரையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, ஆட்டம் ஏன் கெட்டது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

எடையையும் பாருங்கள். வெட்டி ஒட்டிய ஒரு கனமான ரப்பர் 48 முதல் 50 கிராம் வரும். இரண்டு பக்கமும் சேர்ந்து, 90 கிராம் பிளேடும் பசையும் சேர்ந்தால் 190ஐத் தொடும். பெரியவர்களுக்கே ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு கனக்கிற எடை. சின்னப் பிள்ளைக்கு 170க்குள் நிறுத்துவது நல்லது. சமையலறைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும்.

(இந்திய வீராங்கனை மனிகா பத்ரா பேக்ஹேண்டில் லாங் பிம்பிள் (நீண்ட முனைகள் வெளியே தெரிகிற ரப்பர்) வைத்திருக்கிறாரே, அதைப் போடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் தனி ரகம். அது எதிராளியின் தாளத்தைக் குலைக்க அவர் பல வருஷம் பழகிய ஆயுதம். பேக்ஹேண்ட் வராததற்கு மருந்து அல்ல.)

இனி நம்ம ஊர் விவகாரம். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, இரண்டும் வாங்குகிற மாவட்டம் இது. போதாததற்குக் கடற்காற்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால் உள்ளே புழுக்கம், குளச்சல் பக்கம் திறந்து வைத்தால் ஈரம். ரப்பர் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்தால் போதும், பந்து பிடிபடாமல் வழுக்கி நெட்டில் விழும். ரப்பர் செத்துவிட்டது என்று உடனே புதுசு வாங்க ஓடுகிறார்கள். பொறுங்கள். பந்தை ரப்பர் மேல் வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி இழுத்துப் பாருங்கள், நடுவில் ஒரு தடவை, ஓரத்தில் ஒரு தடவை. இரண்டிலும் வழுக்கினால் பெரும்பாலும் ஈரமோ அழுக்கோதான், துடைத்தால் சரியாகிவிடும். ஓரத்தில் இழுபட்டு நடுவில் மட்டும் வழுக்கினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. மேல்தாளுக்கு அடியில் உள்ள பிம்பிள்கள் (சின்ன ரப்பர் முனைகள்) வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிய ஆரம்பித்தாலும் கதை முடிந்தது. தினம் இரண்டு மணி நேரம் ஆடுகிற பிள்ளைக்கு டென்ஷன் ரப்பர் இரண்டு மூன்று மாதம்தான் தாங்கும். விலையைக் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஏசி காரில் வந்து இறங்கியதும் ஆட ஆரம்பிக்கிறவர்கள் கவனிக்க: குளிர்ந்த ரப்பர் புழுக்கமான ஹாலுக்குள் வந்தால் வியர்க்கும். பத்து நிமிஷம் உறையிலேயே இருக்கட்டும். வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் மட்டையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ரப்பர் ஷீட் காயப்போடுகிற ஊர்க்காரர்களுக்குச் சுள்ளென்ற வெயில் ரப்பரை என்ன செய்யும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

துடைக்க ரெண்டு சொட்டுத் தண்ணீரும் மென்மையான ஸ்பாஞ்சும் போதும். குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும், கடலோரக் கிணறுகளின் உப்புத்தண்ணி காய்ந்தால் படலம் மிஞ்சும். சானிடைசர், சென்ட் எதுவும் படக்கூடாது, மேல்தாள் வறண்டு போகும். மக்கா, தலையில் தேங்காய் எண்ணெய் தடவின கையோடு ரப்பரைத் துடைக்காதே, கேட்டியா? எண்ணெய் ரப்பரை ஊற வைக்கும், பிடியை எடுத்துவிடும். துடைத்துக் காய்ந்த பிறகு மேலே பாதுகாப்புத் தாளை ஒட்டி வை.

எண்ணெய் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பாஞ்சின் அடியில் பேபி ஆயில் தடவி உப்ப வைத்து, பூஸ்ட் செய்தேன் என்று பெருமையோடு வருகிறார்கள் பிளஸ் டூ பையன்கள். 1970களில் ஐரோப்பாவில் சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனைத் தடவித்தான் இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. கரைப்பான் கலந்த அந்த ஸ்பீடு பசைகளை 2008 செப்டம்பரிலிருந்து சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனமான ஐடிடிஎஃப் தடை செய்துவிட்டது. ரப்பருக்கு எந்த வேதிப்பொருளும் சேர்க்கக்கூடாது என்பது இன்றைய விதி. எண்ணெயும் அதில் அடக்கம். ரப்பரும் ஸ்பாஞ்சும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இருக்கிறது, உப்பிய ஸ்பாஞ்ச் அதையும் மீறும். இத்தனைக்கும் அந்த உப்பல் சில வாரத்தில் இறங்கிவிடும், மேல்தாளுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே குமிழி மட்டும் மிச்சம். வாங்கும்போது கைப்பிடியை ஒட்டிய பகுதியில் ஐடிடிஎஃப் முத்திரையும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைத்த ‘டெனர்ஜி’யில் அதுதான் முதலில் கோணலாக இருக்கும்.

ஒட்டுவதற்குத் தண்ணீர்ப் பசை மட்டும். அமோனியா வாடை வருகிறதே என்று பயப்பட வேண்டாம், அது பதப்படுத்தின ரப்பர் பால்தான். அதற்காகத் தோட்டத்துச் சிரட்டையிலிருந்து பாலை எடுத்து வந்து ஒட்டிப் பார்க்கிற புத்திசாலித்தனம் வேண்டாம். பச்சைப் பாலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரும் மற்றதும்தான், அமோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். கட்டி கட்டியாக உறைந்த இடமெல்லாம் ரப்பர் மேடாகும். மரவேலைப் பசை கல் மாதிரி காய்ந்து ஸ்பாஞ்சைச் சாகடிக்கும்.

பிளேடில் ஒரு கோட்டிங், ஸ்பாஞ்சில் ஒன்று அல்லது இரண்டு. வெள்ளையாகத் தடவியது கண்ணாடி போலத் தெளியும்வரை காத்திருங்கள். வெயில் நாளில் கால் மணி நேரம், மழை நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஃபேன் போடலாம், சூடான ஹேர் டிரையர் கூடாது. ஓரத்தில் ஒரு துளி வெள்ளை மிச்சமிருக்கும்போதே ஒட்டினால் அங்கேதான் குமிழி வரும். கைப்பிடிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ரப்பரை இழுக்காமல், உருளையான பாட்டிலை உருட்டிக்கொண்டே நுனிக்குப் போங்கள். இழுத்து ஒட்டினால் இரண்டு நாளில் சுருங்கி ஓரத்தில் மரம் தெரியும். ஒட்டி முடித்துக் கனமான புத்தகத்துக்கு அடியில் ராத்திரி முழுக்க வையுங்கள்.

பழைய ரப்பரைப் பிய்ப்பதை மட்டும் அவசரப்பட்டு வீட்டில் செய்யாதீர்கள். அப்படியே செய்வதானால், ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மர இழை ஓடுகிற திசையிலேயே, ரப்பரை மடித்தபடி தாழ்த்திப் பிடித்து மெல்ல உரியுங்கள். குறுக்கே இழுத்தால் பிளேடின் மேல்தோல் சிம்பு சிம்பாக ரப்பரோடு வந்துவிடும். அந்தப் பள்ளத்தின் மேல் எந்த ரப்பரை ஒட்டினாலும் அங்கே படுகிற பந்து வேறு மாதிரிதான் போகும்.