முடிப் பேனாவும் எஃகுப் பேனாவும்

நமக்குப் படம் வரையத் தூரிகை, எழுதப் பேனா. சீன மொழியில் இந்தப் பாகுபாடு கிடையாது, இரண்டுமே ‘பி’தான். ஃபவுண்டன் பேனா ‘காங்பி’, அதாவது எஃகு பி. பென்சில் ஈய பி. மூங்கில் தண்டில் முடி கட்டிய தூரிகைக்கு ‘மாவ்பி’, முடி பி என்று பெயர். நெடுங்காலம் வெறுமனே ‘பி’ என்றாலே இந்த முடி பியைத்தான் குறிக்கும்.

பெயர் ஒன்று, சரி. வேலை?

தம்ளர் தண்ணீரில் ஒரு வாட்டர்கலர் பிரஷ்ஷை விட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும்வரை முடிகள் விரிந்து மிதக்கும். வெளியே எடுத்த மறுகணம் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஊசிமுனையாகிவிடும். நீரின் பரப்பு இழுவிசை செய்யும் வேலை அது. முடிகளின் இடுக்குகளில் மை தங்கி நிற்கிறது. காகிதத்தைத் தொட்டதும் அதன் நார்களுக்கு இடையிலுள்ள நுண்சந்துகள் மையைத் தம் பக்கம் உறிஞ்சுகின்றன. நிப்பின் நடுவிலுள்ள கீறல் வழியாக மை இறங்குவதும் இதே நுண்புழை விசையால்தான். இதுவரை இரண்டும் ஒரே குடும்பம்.

பிரிவது அழுத்தத்தில். பால்பாயின்ட் பேனாவை எவ்வளவு அழுத்தினாலும் கோட்டின் அகலம் ஏறக்குறைய அதேதான். தூரிகையை அழுத்தினால் முனை வளைந்து படர்கிறது, தூக்கினால் சுருங்குகிறது. பேனா தாளின் மேல் இரண்டு திசைகளில் நடக்கிறது என்றால், தூரிகைக்கு மூன்றாவதாக ஓர் ஏற்ற இறக்கமும் உண்டு. அந்த ஏற்ற இறக்கம் அப்படியே கோட்டில் பதிந்துவிடுகிறது.

‘யோங்’ என்றொரு எழுத்து, ‘என்றென்றும்’ என்று பொருள். எட்டு வகை அடிப்படைக் கோடுகளும் இந்த ஒன்றிலேயே இருப்பதால் பயிற்சிக்கு இதைத்தான் எழுதச் சொல்வார்கள். இதன் கடைசிக் கோடு ‘நா’. நுனி மட்டும் தொட்டு மெல்லியதாகத் தொடங்கும். வலப்பக்கம் சரிந்து இறங்க இறங்க அழுத்தம் கூடிக் கோடு தடிக்கும். பாதம் போன்ற இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு வலப்புறம் இழுத்தபடியே தூரிகையைத் தூக்க வேண்டும். கத்தி முனைபோல முடியும். அவசரப்பட்டால் மை போதாமல் நடுவில் வெள்ளைக் கீற்றுகள் விழும். அதையும் ‘பறக்கும் வெண்மை’ என்று அழகாகவே சேர்த்துக்கொண்டார்கள். அதிக நேரம் நின்றாலோ, சுவான் எனப்படும், பசை பூசாத சீன மரபுக் காகிதத்தில் மை ஊறிப் பரவிவிடும்.

கோட்டின் இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தூரிகையின் முடி எத்தகையது என்பதும் முக்கியம். ‘ஓநாய் முடி’ எனப்படும் தூரிகையில் இருப்பது உண்மையில் வீசல் என்ற சிறு விலங்கின் வால்முடி. அழுத்தி விட்டால் நிமிர்ந்துகொள்ளும். ஆட்டு முடி மெத்தென்று வளைந்தபடியே கிடக்கும், கைதான் அதை நிமிர்த்த வேண்டும்.

பால்பாயின்ட்டில் அதே ‘நா’வை இழுத்தால் வெறும் சாய்கோடு. அதனால் பேனாவில் அழகாக எழுதுபவர்கள் சதையை விட்டுவிட்டு எலும்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். கோடுகளின் நீளம், சாய்வு, இடைவெளி, தொடக்கத்தில் ஒரு சின்ன அழுத்தம், முடிவில் ஒரு விடுவிப்பு, அவ்வளவுதான். நிப்பின் நுனியை மேல்நோக்கி வளைத்த ஃபவுண்டன் பேனாக்களும் உண்டு. செங்குத்தாகப் பிடித்தால் மெல்லிய கோடு, படுக்க வைத்தால் தடித்த கோடு. கெட்டிக்கார ஏற்பாடு, ஆனாலும் ஒரே இழுப்பில் படிப்படியாகத் தடிக்க வைப்பது சிரமம்.

பேனாவில் சீனம் எழுதுவது நவீனப் பழக்கம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 848 வரை வடமேற்குச் சீனாவிலுள்ள துன்ஹுவாங் நகரம் திபெத்தியர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்துச் சீனச் சுவடிகள் பலவற்றில் தூரிகையின் தடிப்பும் மெலிவும் இல்லை. மரத்தைச் சீவிச் செய்த பேனாவின் விறைப்பான கோடுகள்தான்.

மை விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒத்தே வராது. தூரிகை மை என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும். காகிதத்தில் காய்ந்தால் எளிதில் கரையாது, பேனாவுக்குள் காய்ந்தாலும் அப்படித்தான். ஒருமுறை ஆர்வக்கோளாறில் நல்ல பேனா ஒன்றில் அதை நிரப்பி ஒரு வாரம் மறந்துவிட்டேன். வெந்நீரில் மூன்று நாள் ஊறப்போட்டும் இன்றுவரை அது எழுதவில்லை.