அம்மாவின் சாம்பாரை முகர்ந்த செல்கள் எங்கே போயின?

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா தவறி இரண்டு வருடம் ஆகிறதாம். அம்மாவின் கணக்குப்படியே வறுத்து அரைத்த சாம்பார் பொடியைப் பெரியம்மா கொடுத்தனுப்ப, டப்பாவைத் திறந்தவர் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஹாலில் மாட்டியிருக்கும் அம்மா படத்துக்குத் தினமும் விளக்கேற்றுகிறார், அப்போதெல்லாம் ஒன்றும் ஆவதில்லை. ஒரு பொடியின் வாசம் மட்டும் ஏன் ஆளையே சாய்க்கிறது என்பது கேள்வி. அம்மாவே வந்துவிட்டுப் போனாள் என்று மாமியார் சொல்கிறாராம்.

மாமியாரோடு வாதத்துக்கு நான் போகவில்லை. மூக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தெரிந்த கதையை முதலில் முடித்துவிடுவோம். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (தக்காளி, காளானில் தெரியும் ஒருவித ருசி), இவ்வளவுதான் நாக்குக்குத் தெரியும். காரம் சுவையே அல்ல, சூட்டை உணரும் நரம்பு எழுப்பும் புகார். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் வத்தக்குழம்பு சாதம் சாப்பிட்டுப் பாருங்கள். புளிப்பும் உப்பும் காரமும் இருக்கும், வத்தக்குழம்பு இருக்காது. கையை எடுத்ததும் தொண்டையின் பின்வழியாக ஆவி மேலேறும், குழம்பு வந்துவிடும்.

சாம்பார் பொடியிலிருந்து கிளம்பும் ஆவியில் பல விதமான மூலக்கூறுகள் உண்டு. தனியாவில் முக்கியமானது லினலூல். வெந்தயத்தில் சோட்டலோன் என்று ஒன்று; குறைவாக இருந்தால் காய்ச்சிய சர்க்கரைப் பாகு மாதிரி மணக்கும், கூடினால்தான் வெந்தயமாகத் தெரியும். பெருங்காயத்தில் கந்தகச் சேர்மங்கள். வறுக்கும்போது புதிதாகப் பிறக்கும் பைரசீன்கள் தனி. மில்லிலிருந்து சூடாக வரும் பொடியை நியூஸ்பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, அப்புறம்தான் டப்பாவில் போடுவார்கள். மூடி வைத்தால் வியர்த்துக் கட்டி தட்டும் என்பது காரணம். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் கூடம் முழுக்க மணக்கிறதே, அது பொடி இழந்துகொண்டிருக்கும் வாசம். தனக்கு முன்னால் மில்லில் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிட்டு அரைக்கக் கொடுக்கும் பெண்மணிகளும் இதே வேதியியலைத்தான் கையாள்கிறார்கள். முந்தைய ஆளின் சீயக்காய் நம் சாம்பாரில் வந்தால் யார் பொறுப்பு?

பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் பெருமூளைக்குப் போகும். வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைக் கையாளும் பகுதிகளுக்கும் நேராகப் போய்விடுகிறது. இதைப் பலரும் எழுதியாயிற்று. அதிகம் பேசப்படாத இரண்டு செய்திகள் உண்டு. படமும் சொல்லும் கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு மேற்பட்டவை. வாசனை கிளப்பும் நினைவுகளோ பத்து வயதுக்குள் நடந்தவற்றில்தான் அதிகம் குவிகின்றன. இன்னொன்று, இஸ்ரேலின் வெய்ஸ்மான் நிறுவனத்தார் 2009-ல் காட்டியது: ஒரு பொருளோடு முதன்முதலாகச் சேர்ந்த வாசனைக்கு மூளையில் தனிச்சலுகை இருக்கிறது. அதே பொருளோடு பின்னால் சேர்கிற வாசனைக்கு அந்தச் சலுகை கிடையாது. வாசகி அதற்கப்புறம் எத்தனை ஹோட்டல் சாம்பார் சாப்பிட்டிருந்தாலும் அம்மாவுடையதுதான் மூத்தது. படத்தின் கதை வேறு. மாலை போட்ட அந்தப் படம் அம்மா போன பிறகு வந்தது, தினமும் கண்ணில் பட்டுப் பட்டுப் பழகியும் போனது.

சரி, என்னை மயக்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

மூக்கின் உச்சியில், கண்களுக்கு நடுவே கொஞ்சம் உள்ளே தள்ளி, சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு ஈரப் படலம் இருக்கிறது. அதில் பல லட்சம் நரம்பு செல்கள். நம் உடம்பில் வெளிக்காற்று நேரடியாகத் தொடும் நரம்பு செல்கள் இவை மட்டும்தான். தூசி, புகை, கிருமி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதால் நெடுநாள் தாங்காது. எலிகளில் பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் செத்துப்போகும். தூசியில்லாத காற்றில் வளர்த்தால் ஒரு வருடம் வரைகூட இருக்கும். கிண்டி கத்திப்பாராவில் தினமும் பைக்கில் நிற்பவரின் மூக்கு எந்தக் கணக்கில் சேரும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். செத்த செல்லின் இடத்தில், அடியிலிருக்கும் மூல செல்களிலிருந்து புதியது முளைக்கும். மூளையின் பெரும்பகுதிக்கு வாய்க்காத வசதி இது.

ஆக, சிறு வயதில் அம்மாவின் சாம்பாரை முகர்ந்த செல்களில் ஒன்றுகூட இன்று அந்த வாசகியின் மூக்கில் இருக்க வாய்ப்பில்லை. எத்தனையோ தலைமுறை வந்து போய்விட்டது. டப்பாவைத் திறந்தபோது முகர்ந்தவை பெரும்பாலும் அம்மா இருந்த காலத்தில் பிறக்கவே இல்லாத செல்கள். அப்படியிருந்தும் வாசனை துளி மாறாமல் அதேதான். எப்படி?

வாசனை மூலக்கூறைப் பிடிக்க மூக்கின் செல் வைத்திருக்கும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். மனிதனுக்கு வாசனை ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 400. இந்த மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991-ல் கண்டுபிடித்தார்கள், 2004-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். புதிதாக முளைக்கும் ஒவ்வொரு செல்லும் இந்த 400-ல் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறது. ஒரு செல், ஒரு ஏற்பி. அதோடும் நிற்பதில்லை. ஏறக்குறைய எந்த மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கும், ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. உடம்பின் பெரும்பாலான செல்கள் இரண்டையுமே பயன்படுத்தும். மூக்கின் செல் ஒன்றைத்தான் பயன்படுத்தும். எலிகளில் இதை 1994-ல் காட்டினார்கள். எந்தப் பிரதி என்பது குருட்டு அதிர்ஷ்டம், அதனால் ஏறக்குறைய பாதி செல்கள் அம்மாவின் பிரதியை வைத்து முகர்கின்றன. அம்மாவின் சாம்பாரை அவர் மகள் பாதி அம்மாவின் மூக்கால்தான் முகர்கிறார் என்று சொன்னால் அதில் கவிதை கொஞ்சமும் கிடையாது.

அண்ணன் தம்பிக்குள் சண்டை வருவதும் இங்கேதான். எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவர்களுடைய வாசனை ஏற்பிகளில் 30 சதவீதம் அளவுக்கு வேலை செய்யும் விதம் வேறுபடுகிறது. ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகளுக்கும் எந்தப் பிரதி யாருக்கு வந்தது என்பது மாறும். தெவசத்தன்று அண்ணி வைத்த ரசத்தை ஒருவர் “அப்படியே அம்மா ரசம்” என்பார், இன்னொருவர் “கிட்டகூட வரலை” என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அண்ணியைத் திட்டாதீர்கள்.

இப்போது வழி கண்டுபிடிக்கிற கதை. புதிய செல் தன் இழையை நீட்டி, மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஓட்டைகள் உள்ள எலும்பைத் தாண்டி, மூளையின் அடியில் இருக்கும் முகர்வுக் குமிழைத் தொட வேண்டும். எலியின் குமிழ் ஒன்றில் ஏறக்குறைய 1,800 நரம்பு முடிச்சுகள். ஒரே ஏற்பியைத் தேர்ந்தெடுத்த செல்கள் படலத்தில் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடந்தாலும், அவற்றின் இழைகள் எல்லாம் பெரும்பாலும் இரண்டே இரண்டு முடிச்சுகளில் போய்ச் சேர்கின்றன. அதற்கு வழிகாட்டுவதில் அந்த ஏற்பிக்கே பங்கு உண்டு. மரபணுவை மாற்றி வேறு ஏற்பியைப் புகுத்தினால் இழை வேறு முடிச்சுக்குப் போய்விடுகிறது. வாசனையைப் பிடிக்கிற அதே புரதம், போய்ச் சேர வேண்டிய முகவரிக்கும் ஒரு அடையாளமாக இருக்கிறது! வீட்டில் குடியிருப்பவர் மாறினாலும் ஈபி இணைப்பு எண் மாறாது அல்லவா, அப்படித்தான். செல்கள் குடிமாறிக்கொண்டே இருக்கின்றன, முடிச்சு அங்கேயே இருக்கிறது. லினலூல் வந்தால் எந்தெந்த முடிச்சுகள் எரியும், சோட்டலோன் வந்தால் எவை என்ற கோலம் அப்படியே நிற்கிறது. உள்ளே இருக்கும் மூளை படித்து வைத்திருப்பது அந்தக் கோலத்தை.

செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்வரை இது நன்றாகவே நடக்கும். பழைய இழைகள் இருக்கும்போது புதியவை அவற்றை ஒட்டியே வந்துவிடும். படலம் பெருமளவு அழிந்துபோனால் சிக்கல், வரும் இழைகள் தவறான முடிச்சில் போய் உட்கார்ந்துவிடலாம். கொரோனா காலத்தில் இந்த ஊரில் எத்தனை பேர் டிகிரி காபி டம்ளரை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள்! வைரஸ் முதலில் தாக்கியது நரம்பு செல்களையே அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை செல்களை. வாசனை போனது. சில மாதம் கழித்துத் திரும்பியபோது சிலருக்குக் காபியும் வதக்கிய வெங்காயமும் பூண்டும் அழுகல் நாற்றமாக வந்தன. தவறான இணைப்பு என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

வாசனையை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். கண்ணுக்கு இலவச முகாம் உண்டு, காதுக்குக் கருவி உண்டு. மூக்கு அடைத்தால் ஆவி பிடிக்கச் சொல்வதோடு சரி. பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே முகரும் திறன் குறையத் தொடங்கலாம் என்று தெரிந்த பிறகும் இந்த நிலைமை. அமெரிக்காவில் 1980களில் உருவான புகழ்பெற்ற முகர்வுச் சோதனையில் 40 வாசனைகள், அவற்றில் ரூட் பியர் என்ற அமெரிக்கக் குளிர்பானமும் உண்டு. வாழ்நாளில் ரூட் பியரைக் கண்ணால் பார்த்திராத மயிலாப்பூர் தாத்தா அதில் தோற்றால் அது யாருடைய தோல்வி? பெருங்காயம், கறிவேப்பிலை, மரிக்கொழுந்து, சாம்பிராணி என்று நமக்கு ஒரு பட்டியல் வேண்டும். அதைப் பல வயதினரிடம் சோதித்துச் சரிபார்க்கப் பெரிய பணம்கூடத் தேவையில்லை. ராக்கெட் அளவுக்குப் படம் எடுக்க வராது என்பதால் நிதி கேட்டால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

மாமியார் சொன்னதில் எனக்குப் பிணக்கில்லை. படையலில் போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பதையும் நான் மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். ராத்திரி மல்லிகை வாசம் வந்தால் மோகினி என்று பயமுறுத்துவது மட்டும் எரிச்சல். மல்லிகை அந்தி சாய்ந்துதான் மலரும், பிறகு எப்போது மணக்கும்? பக்கத்தில் பூவே இல்லை, வேறு யாருக்கும் தெரியாத வாசம் உங்களுக்கு மட்டும் அடிக்கடி வருகிறது என்றால் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்ளாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சைனஸ் தொல்லையாக இருக்கலாம், ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம், அபூர்வமாக வலிப்பு சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம்.

கொரோனாவிலோ கடும் சளியிலோ வாசனை போய் இன்னும் முழுதாகத் திரும்பாதவர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியில் 2009-ல் சோதித்தார்கள், செலவு சொற்பம். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் தினமும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாக, பத்து விநாடி அளவுக்கு, வேறு எதையும் நினைக்காமல் முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். கிராம்பும் எலுமிச்சையும் அஞ்சறைப்பெட்டியிலும் காய்கறிக் கூடையிலும் இருக்கும், யூகலிப்டசுக்கு நீலகிரித் தைலம் போதும், ரோஜாவுக்குப் பூக்காரம்மாவிடம் பன்னீர் ரோஜா கேளுங்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை. முதல் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், இழைகள் வளர நேரம் எடுக்கும்.