ஈயத்தைவிடக் கனமான ரவை

எண்ணூர் கழிமுகத்தில் வீச்சுவலை போடுகிறவர்கள் வலையின் ஒரு பக்கத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள். அதன் விளிம்பு முழுக்க ஈயமணி. முகத்துவாரக் குப்பத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டேன்: "ஏன் நைனா, இரும்புல கோத்தா காசு கம்மிதானே?" மேலும் கீழும் பார்த்தார். "இரும்புன்னா தண்ணி இஸ்துக்கினு பூடும் தம்பி. துரு வேற புடிக்கும். ஈயம்னா வுழுந்தவொடனே கம்முனு குந்திக்கும்."

கம்மென்று குந்த வைப்பது அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம், அதே அளவு இரும்பு 7.87 கிராம்தான். வலைக்காரருக்குத் தண்ணீரில் எது பயன்படுகிறதோ, அதுவே வாத்து வேட்டைக்காரருக்குக் காற்றில் பயன்பட்டது. பல நூறு ஆண்டுகளாகத் துப்பாக்கி ரவை, அதாவது தோட்டாவுக்குள் நிரப்பும் சிறு உருண்டை, என்றாலே ஈயம்தான். வேட்டைக்காரர்கள் பேசும் 'பன்னிரண்டு போர்' என்ற அளவே ஈயத்தில் பிறந்தது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் சுமார் 18.5 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். அந்தக் குழலின் உள்விட்டம் அதுதான்.

இங்கே யாரும் வாத்து சுடக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் வாங்கிச் சுட வழியிருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. ஆகவே இனி வரும் தோட்டாக் கதை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடப்பது. அதன் இயற்பியல் மட்டும் எண்ணூர்க் கரைக்கும் பொது.

ஈயத்தை ஏன் விட வேண்டி வந்தது என்பதற்குக் கறிக்கடையிலிருந்து தொடங்கலாம். கோழியைச் சுத்தம் செய்யும்போது கெட்டியான, உருண்டையான ஒரு சதைப்பை வரும். நாட்டுக்கோழி என்றால் அதை அறுத்ததும் மணலும் பொடிக்கல்லும் கொட்டும். பறவைக்குப் பல் இல்லை. விழுங்கிய கல்லை வைத்து இந்த அரைவைப் பைதான் தானியத்தை அரைக்கிறது. வாத்துக்கும் அப்படித்தான். அது சேற்றைக் கிளறிக் கல் பொறுக்குகிற இடத்தில்தான் வேட்டைக்காரர்களின் ரவையும் கிடக்கிறது. ஒரு தோட்டாவில் நூற்றுக்கு மேற்பட்ட ரவைகள். பறவைமேல் படுவது சில, மீதி அத்தனையும் நீரடியில். இரண்டு மூன்று மில்லிமீட்டர் உருண்டையைக் கல் என்றோ விதை என்றோ எண்ணி வாத்து விழுங்கிவிடுகிறது.

உள்ளே போன ஈயத்தைக் கற்கள் தேய்க்கின்றன, அமிலம் கரைக்கிறது. கரைந்தது இரத்தத்தில் ஏறி, சிவப்பணுவின் நிறமியை உண்டாக்கும் நொதியை முடக்குகிறது. நரம்பும் தளர்கிறது. கடைசியில் அரைவைப் பையே அசையாமல் நின்றுபோகும். தொண்டை வரை இரை இருக்க, வாத்து பட்டினியில் மெலிந்து சாகும். ஒன்றிரண்டு ரவையே போதும். செத்ததைக் கழுகு தின்றால் அதற்கும் அதே கதி. அமெரிக்காவில் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் இதைப் பற்றி 1894லேயே எழுதிவிட்டார். 1959இல் இல்லினாய்ஸ் ஆய்வாளர் ஃபிராங்க் பெல்ரோஸ், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று ஈயத்தால் சாகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அங்கே நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு நாடு முழுவதும் தடை வந்தது 1991இல். ஐரோப்பிய ஒன்றியம் தன் சதுப்புநிலங்களில் தடை போட்டது 2023இல். முதல் எச்சரிக்கையிலிருந்து எண்ணிப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

இத்தனை தாமதத்துக்குப் பிடிவாதம் ஒரு காரணம். ஆனால் ஈயத்தின் இடத்தில் வேறொன்றை வைப்பது நிஜமாகவே கடினம். தெருக் கிரிக்கெட்டில் டென்னிஸ் பந்தையும் கார்க் பந்தையும் ஒரே வேகத்தில் எறிந்து பாருங்கள். அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. டென்னிஸ் பந்து பாதியில் சோர்ந்துவிடும். காற்று தடுப்பது பந்தின் குறுக்குப் பரப்பை, அதாவது விட்டத்தின் இருமடியை. அந்தத் தடையை மீறி ஓட வைப்பது நிறை; அது விட்டத்தின் மும்மடியையும் அடர்த்தியையும் பொறுத்தது. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் மிஞ்சுவது அடர்த்தி பெருக்கல் விட்டம். இந்தப் பெருக்குத்தொகை பெரிதாக இருந்தால் ரவை வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும், இலக்கில் ஆழமாகவும் இறங்கும்.

வாத்து வேட்டையில் வழக்கமான நான்காம் எண் ஈய ரவை 3.3 மில்லிமீட்டர். பெருக்கினால் சுமார் 37. அதே விட்டத்தில் இரும்பு 26தான். இரும்பை 37க்குக் கொண்டுவர 4.7 மில்லிமீட்டர் உருண்டை வேண்டும். அங்கேதான் வம்பு. 28 கிராம் ஈயத்தில் அந்த ரவை ஏறக்குறைய 135 வரும். 28 கிராம் இரும்பில் பெரிய உருண்டைகள் 65 சொச்சம்தான். ரவைத் துப்பாக்கியின் பலமே எண்ணிக்கை. பறவை இருக்கும் இடத்தை வலை வீசுவதுபோல் மூட வேண்டும். பாதி ரவை என்றால் கண்ணி பெரிதான வலை. அதனால் இரும்பு போடுகிறவர்கள் இரண்டு அளவு பெரிய ரவையும் கூடுதல் வேகமுமாகச் சமாளிக்கிறார்கள். கிட்டத்தில் சரிப்படுகிறது, தூரம் கூடினால் அடிபட்டுத் தப்பிப்போகும் பறவைகள் கூடும்.

இரும்பு இல்லாவிட்டால் பிஸ்மத் என்ற உலோகம். தனிமங்களின் அட்டவணையில் ஈயத்துக்கு அடுத்த வீடு. ஆனால் குணத்தில் சாது. வயிற்றுக்கோளாறு மருந்தில்கூட அதன் உப்பைச் சேர்க்கிறார்கள். கொஞ்சம் வெள்ளீயம் கலந்த பிஸ்மத் ரவையின் அடர்த்தி 9.5 அளவில் நிற்கும். நொறுங்கும் தன்மைதான் குறை. வெள்ளீயம் சேர்ப்பதே அதைத் தணிக்கத்தான்.

மூன்றாவது மாற்றான டங்ஸ்டன் வேறு ரகம். திருவொற்றியூர்ப் பக்கம் ஆர்கான் வெல்டிங் பட்டறை எதிலாவது டங்ஸ்டனால் ஆன மெல்லிய கம்பியை வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். 2.4 மில்லிமீட்டர் தடிமன், ஒரு சாண்கூட நீளமில்லை, 13 கிராம் கனக்கும். அதே அளவு இரும்புக் கம்பி ஐந்தரை கிராமைத் தாண்டாது. நான் முதன்முதலில் தொட்டபோது கண்ணும் கையும் ஒன்றுக்கொன்று பொய் சொல்வதாகத் தோன்றியது. தூய டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. அதை உருக்க 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈயத்துக்கு 327 போதும் என்பதால்தான் பிரிஸ்டல்காரர் வில்லியம் வாட்ஸ் 1782இல் உயரத்திலிருந்து சல்லடை வழியாக உருகிய ஈயத்தை ஊற்றி, விழும்போதே உருண்டு இறுகும் ரவைகளுக்குக் காப்புரிமை வாங்க முடிந்தது. டங்ஸ்டனிடம் அந்த வேலை நடக்காது. அதைப் பொடியாக்கி, நிக்கலும் இரும்பும் சேர்த்து அழுத்தி, சூளையில் இறுகவைத்து உருட்டுகிறார்கள். கிடைப்பது 18 அடர்த்தியுள்ள ரவை.

இனி கணக்கைத் திருப்பிப் போடலாம். 37 வர 2 மில்லிமீட்டர் உருண்டை போதும்: கடுகை விடக் கொஞ்சம் பெரிது. 28 கிராமில் 350க்கு மேல். ஒவ்வொன்றின் ஊடுருவலும் பெரிய ஈய ரவைக்குச் சமம், எண்ணிக்கையோ இரண்டரை மடங்கு. ஆசைக்குக் குறைவில்லை, விலைதான் உதைக்கும். கடைத் தோட்டா கட்டுப்படியாகாமல், அமெரிக்காவில் ரவையை மட்டும் எடைக்கு வாங்கி, சுட்டுத் தீர்ந்த கூட்டில் தாமே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் இதனால் வலுத்தது.

அந்த வேலையில் ரவையை மட்டும் மாற்றிவிட முடியாது. தோட்டாவின் அடியில் தீபாவளிக் கேப்பு போல ஒரு தீமூட்டி, அதன்மேல் வெடிமருந்து, மேலே பிளாஸ்டிக் குவளை, குவளைக்குள் ரவை. மருந்து எரிந்து வாயு பெருகும் நொடியில் ஆயிரத்தில் சில பங்கான அந்த நேரத்தில் மெத்தென்ற ஈயம் கொஞ்சம் நசுங்கி இடம் கொடுக்கும். இரும்பும் டங்ஸ்டனும் கொடுக்காது. குழல் கீறாமலிருக்கத் தடித்த குவளை வேண்டும். இடக்கணக்கும் மாறுகிறது: 28 கிராம் ஈயம் 2.5 கன சென்டிமீட்டர், இரும்பு 3.6, டங்ஸ்டன் கலவை 1.6. இரும்புக்குக் கூட்டில் இடம் போதாது. டங்ஸ்டனுக்கு மிச்ச இடத்தை எதையாவது இட்டு நிரப்ப வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் குழலுக்குள் அழுத்தம் மாறும். அதனால் ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் அளந்து அச்சிட்ட கணக்கைத் தாண்டி யாரும் கைவைக்கக் கூடாது. 'கண்ணளவு' என்று நம் வீட்டுச் சமையலில் சொல்கிற பெருமை இங்கே செல்லாது. குழல் வெடித்தால் போவது விரல்.

பழவேற்காட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து அடிச்சேற்றில் இரை தேடும் பறவை. ரவையை அதிகம் விழுங்குகிற இனங்களில் ஒன்று. அது எந்த நாட்டுச் சேற்றில் விழுங்கியதோ, எந்த நாட்டில் சாகிறதோ.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னபோது அவர் கவலை வேறாக இருந்தது. "அப்போ என் மணிய பறவ முழுங்கிச் சாவுமா?" பிரிட்டனில் தூண்டிலின் ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால், 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ளவற்றின் விற்பனையை 1987இல் நிறுத்தினார்கள் என்றேன். மணி ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்தோம். விரல்கணு நீளம், வாத்தின் தொண்டைக்குப் பெரிது. ஆனால் பல மணிகள் நடுவில் தேய்ந்து மெலிந்திருந்தன. இரண்டு இடங்களில் கயிறு மட்டும் இருந்தது. "அது தண்ணிக்குள்ளதான் எங்கியோ கெடக்குது" என்றார்.